வெற்று வரிக்கு முன்னால்: குக்கீ பிறந்த கதை

2009-ஆம் ஆண்டு ஒரு சிற்றிதழுக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். சந்தாதாரர்கள் பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே போனால் பழைய இதழ்களைப் படிக்கலாம். பெரிய வேலை ஒன்றுமில்லை. வெளியீட்டுக்கு முதல் நாள் மாலை ஆசிரியர் போனில் அழைத்தார். "தம்பி, உள்ள போனதும் வெல்கம்னு வருது. தமிழ்ப் பத்திரிகையில வாசல்லயே இங்கிலீஷா? வணக்கம்னு மாத்திடுங்க."

நான் வெளியூரில் இருந்தேன். பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சர்வரிலிருந்து அந்தக் கோப்பை இறக்கி, நோட்பேடில் திறந்து, 'வெல்கம்' என்ற ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் 'வணக்கம்' என்று ஒட்டினேன். சேமிக்கப் போனால், இப்படியே சேமித்தால் யூனிகோடு எழுத்துகள் போய்விடும் என்று நோட்பேட் எச்சரித்தது. யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, மறுபடி சர்வரில் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிரவு ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. கடவுச்சொல் சரி. தவறு என்ற செய்தியும் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் பக்கம் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு, 'யார் நீங்கள்?' என்பதுபோல அதே நுழைவுப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. குக்கீ பதியவில்லை என்பதுவரை புரிந்தது. ஆனால் ஒரு சொல்லை மாற்றியதற்கும் குக்கீக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வந்து அதே கோப்பை என் கணினியில் ஓடவிட்டேன். ஒழுங்காக ஓடியது.

சம்பந்தம் பிடிபட இரண்டு நாளாயிற்று. நான் எழுதிய வரிகளில் தேடிய வரைக்கும் அது அகப்படவில்லை. குக்கீ எப்படிப் பிறந்தது என்று தெரிந்த பிறகுதான் அகப்பட்டது.

*

வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஓர் இயற்பியலாளர் எழுதிய ஆவணத்தை இன்னொருவர் எளிதில் எடுத்துப் படிப்பதற்காக 1989-இல் திட்டம் எழுதினார். 1991-க்குள் அது ஓடத் தொடங்கிவிட்டது. படிக்க வருபவர் யார், நேற்று எதைப் படித்தார் என்றெல்லாம் அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. கேட்ட தாளை எடுத்துக் கொடுத்தால் போதும். ஆகவே எச்டிடிபி என்ற பேச்சுமுறை மறதியோடே பிறந்தது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் கொடுக்கும், அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த நொடியே அதே ஆள் அடுத்த பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். எத்தனை பேர் வந்தாலும் யாரைப் பற்றியும் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதால், அந்த மறதி சர்வருக்குச் சுமையைக் குறைத்தது.

ஆரம்பத்தில் உலாவி கேட்பது ஒற்றை வரி, சர்வர் தருவது வெறும் பக்கம். பிறகு பக்கத்தோடு அதைப் பற்றிய குறிப்புகளையும் அனுப்ப வேண்டிவந்தது: என்ன வகைக் கோப்பு, எவ்வளவு நீளம், கடைசியாக எப்போது திருத்தியது. அதற்குப் புது வடிவம் தேடாமல், மின்னஞ்சலில் ஏற்கெனவே புழங்கிய வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 என்ற ஆவணத்தில் அது இருக்கிறது. முதலில் தலைப்பு வரிகள்: யாரிடமிருந்து, யாருக்கு, என்ன பொருள். பிறகு ஒரு வெற்று வரி. அதன்பின் கடிதம். தபால் உறைமேல் எழுதுவதெல்லாம் வெற்று வரிக்கு முன்னால். உள்ளே வைப்பதெல்லாம் பின்னால். வெற்று வரி போய்விட்டதென்றால் உறையை ஒட்டியாயிற்று என்று பொருள். நம் கதை திரும்பத் திரும்ப இந்த வரியில்தான் வந்து முட்டும்.

*

1994 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் ஜிம் கிளார்க்கும் மார்க் ஆண்ட்ரீசனும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் பெயர் நெட்ஸ்கேப் என்றானது. தொடக்கத்திலேயே சேர்ந்த பொறியாளர்களில் ஒருவர் லூ மான்டுலி. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, எழுத்துகளை மட்டும் காட்டும் லின்க்ஸ் என்ற உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவர். அலுவலக மீன்தொட்டிக்கு முன்னால் கேமராவை வைத்து, மீன் நீந்துவதை வலையில் ஊருக்கே காட்டியவரும் அவர்தான்.

நெட்ஸ்கேப்பிடம் வந்த வாடிக்கையாளர்களில் ஒன்று எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம். இணையத்துக்கு அடித்தளமான டிசிபி/ஐபியை வடிவமைத்த இருவரில் ஒருவரான வின்ட் செர்ஃப், ஜான் கிளென்சினோடு சேர்ந்து எம்சிஐ சார்பில் பேசினார். வலையில் கடை நடத்த வேண்டும். ஆனால் பாதி வாங்கி பாதியில் நிற்பவர்களின் கணக்கை எங்கள் சர்வரில் வைத்துக்கொள்ள முடியாது. அது வாங்குபவரின் கணினியிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

நம்மூர் மளிகைக் கடைகளில் பற்றுக் கணக்கு இரண்டு விதமாக நடக்கும். கடைக்காரரே பேரேட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அல்லது வாடிக்கையாளரிடம் ஒரு குட்டி நோட்டைக் கொடுத்து, சாமான் வாங்க வரும்போதெல்லாம் கொண்டுவரச் சொல்லி, அதிலேயே எழுதிக் கொடுப்பார். எம்சிஐ கேட்டது குட்டி நோட்டு.

அதுவரை இந்த மறதியைச் சமாளிக்கப் புரோகிராமர்களிடம் இரண்டு குறுக்குவழிகள் இருந்தன. வருபவருக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, பக்கத்திலுள்ள எல்லா இணைப்புகளின் முகவரியிலும் அந்த எண்ணைத் தைத்துவிடுவது ஒன்று. படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் ஒளித்து வைப்பது இன்னொன்று. ஆள் ஒரு நிமிடம் வேறு தளத்துக்குப் போய்விட்டு, முகவரியைத் தானே தட்டித் திரும்பி வந்தால் இரண்டும் அறுந்துவிடும். கூடை காலி.

ஒவ்வோர் உலாவிக்கும் நிரந்தரமாக ஓர் எண் கொடுத்துவிடலாம், போகிற தளத்திலெல்லாம் அதைச் சொல்லட்டும் என்றும் ஒரு யோசனை இருந்தது. மிக எளிய வழி. மான்டுலி அதை வேண்டாம் என்று தள்ளினார். எல்லாக் கடைக்காரர்களும் ஒரே எண்ணைப் பார்த்தால், அவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் எந்தெந்தக் கடைக்குள் நுழைந்தார் என்று வரைபடமே போட்டுவிடலாம். கடைக்குக் கடை வேறு அடையாளம். கொடுத்த கடையிடம் மட்டுமே அதைத் திருப்பிக் காட்டுவது. இதுதான் அவர் பிடித்த வழி.

யூனிக்ஸ் புழங்கியவர்களிடம் 'மேஜிக் குக்கீ' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் கொடுத்துவைக்கும் சின்னத் துண்டு அது. வாங்கியவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். கோயில் வாசலில் செருப்பு விடும்போது தரும் டோக்கனைப் போல. அதிலுள்ள எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. கொடுத்தவரிடம் நீட்டினால் உங்கள் செருப்பு வரும். கல்லூரி வகுப்பில் கேட்ட அந்தச் சொல் மான்டுலிக்கு நினைவிருந்தது. மேஜிக் உதிர்ந்து குக்கீ நின்றது. நெட்ஸ்கேப் வெளியிட்ட விவரக்குறிப்பும், இந்தப் பெயருக்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது.

அந்தக் குறிப்பை மான்டுலியோடு சேர்ந்து எழுதியவர் ஜான் ஜியனாண்ட்ரியா. பிற்காலத்தில் கூகுளிலும் ஆப்பிளிலும் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுகளுக்குத் தலைமை தாங்கியவர். முறை எளிமையானது. சர்வர் பதில் அனுப்பும்போது, தலைப்பு வரிகளில் 'செட்-குக்கீ' என்று ஒன்றைச் சேர்க்கும். அதில் பெயர், மதிப்பு, எந்தத் தளம், எந்தப் பாதை, எந்த நாள்வரை என்ற விவரங்கள் இருக்கும். உலாவி வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே தளத்திடம் எதைக் கேட்டாலும், தன் கேள்வியின் தலைப்பில் 'குக்கீ' என்று அதைத் திருப்பிச் சொல்லும். குக்கீ ஒன்றுக்கு 4 கிலோபைட், ஒரு தளத்துக்கு 20 குக்கீ, மொத்தம் 300: இவ்வளவுக்கு இடம் வைத்திருந்தால் போதும் என்று உலாவிக்கு வரம்பு சொன்னார்கள்.

தலைப்பில் வைத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தெரியாத தலைப்பு வரி வந்தால் உலாவி அதைத் தாண்டிப் போய்விடும். குக்கீ என்றால் என்னவென்றே தெரியாத பழைய உலாவியிலும் பக்கம் வழக்கம்போல் திறக்கும். பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். ஆனால் இந்தச் சாமர்த்தியத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே பிறந்தது. குக்கீ கொடுப்பதானால் வெற்று வரிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும்.

1994 அக்டோபர் 13 அன்று வெளியான நெட்ஸ்கேப் 0.9 சோதனைப் பதிப்பிலேயே குக்கீ இருந்தது. கடைக்கூடைக்காகப் பிறந்த குழந்தையை முதலில் வேலைக்கு வைத்தது நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளம்தான். வருகிறவர் ஏற்கெனவே வந்துபோனவரா என்று பார்க்க அதைப் பயன்படுத்தினார்கள். மான்டுலி 1995-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1998-இல் கிடைத்தது.

*

முதல் ஒன்றரை ஆண்டுக்கு இப்படியொன்று தங்கள் கணினியில் உட்கார்ந்திருப்பது பொதுமக்களுக்குத் தெரியாது. உலாவி யாரையும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டது. 1996 பிப்ரவரி 12 அன்று லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பிறகுதான் சலசலப்பு எழுந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நடத்திய விசாரணைகளில் குக்கீயும் பேசப்பட்டது.

அதற்குள் மான்டுலி அடைத்த வாசல் கொல்லைப்புறமாகத் திறந்துகொண்டது. ஒரு பக்கத்தில் தெரியும் படம் அந்தத் தளத்திலிருந்தே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் தங்கள் சர்வரிலிருந்து படத்தை அனுப்பின. படம் வரும்போது அதன் தலைப்பிலும் ஒரு செட்-குக்கீ வந்தது. செய்தித்தளத்தில் ஒரு விளம்பரம், சமையல் தளத்தில் ஒன்று, மருத்துவத் தளத்தில் ஒன்று. மூன்றும் ஒரே விளம்பர சர்வரிலிருந்து வந்தால், மூன்று இடத்திலும் உலாவி அதே டோக்கனை எடுத்து நீட்டும். 'கொடுத்த கடைக்கு மட்டும்' என்ற விதி எழுத்தளவில் மீறப்படவே இல்லை. கடைக்காரர்தான் எல்லாத் தெருவிலும் உட்கார்ந்திருந்தார்.

பெல் ஆய்வுக்கூடத்தின் டேவிட் கிரிஸ்டலும் மான்டுலியும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 2109, 1997 பிப்ரவரியில் வந்தது. இப்படி மூன்றாம் தரப்பிலிருந்து வரும் குக்கீகளை ஏற்கக் கூடாது, குறைந்தபட்சம் பயனர் தானே இயக்கினாலொழிய ஏற்கக் கூடாது என்று அது சொன்னது. நெட்ஸ்கேப்பும் சரி, மைக்ரோசாஃப்ட்டும் சரி, அதைக் கேட்கவில்லை. மான்டுலியே ஒரு சங்கடத்தில் இருந்தார். குக்கீயை அடைத்தால் விளம்பரக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத வேறு வழியைத் தேடுவார்கள்; குக்கீ என்றால் பயனர் பார்க்கலாம், அழிக்கலாம் என்று கருதி, அடைக்காமல், கட்டுப்படுத்தும் வசதிகளைச் சேர்க்கும் பக்கம் சாய்ந்தார்.

அந்தக் கதவை மூட இருபது ஆண்டுக்கு மேலானது. இன்னும் முழுதாக மூடவும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல் பின்தொடரும் குக்கீகளை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீ அனைத்தையும் நிறுத்தியது. இரண்டு ஆண்டில் நிறுத்துவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், தேதியைத் தள்ளித் தள்ளி, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

*

1994-இல் இன்னொரு பிறப்பும் நடந்தது. கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் படித்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் சுயவிவரத்தை வலையில் போட்டிருந்தார். அதை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய சி மொழியில் சில சிறு நிரல்களை எழுதினார். நெட்ஸ்கேப் தன் தளத்துக்கு வந்தவர்கள் மீண்டும் வருகிறார்களா என்று பார்த்ததும், இவர் தன் சுயவிவரத்துக்கு வந்தவர்களை எண்ணியதும் ஒரே ஆண்டில். 1995 ஜூன் 8 அன்று இவர் வெளியிட்ட அந்தக் கருவிகள்தாம் வளர்ந்து பிஎச்பி ஆயின.

அக்காலத்தில் சர்வரில் நிரல் எழுதியவர்கள் பெரும்பாலும் பெர்ல் மொழியில் எழுதினார்கள். அதில் தலைப்பு வரிகளை நீங்களே அச்சிட வேண்டும். பிறகு வெற்று வரியையும் நீங்களே அச்சிட வேண்டும். அதை மறந்தால் பக்கமே வராது. ஆகவே எந்தப் பெர்ல்காரரைக் கேட்டாலும் வெற்று வரி எங்கே இருக்கிறது என்று சொல்வார். பிஎச்பி அந்தத் தொல்லையை எடுத்துவிட்டது. எச்டிஎம்எல் பக்கத்துக்கு நடுவே, தேவையான இடத்தில் மட்டும் குறியிட்டு நிரலை எழுதலாம். குறிக்கு வெளியே இருப்பதெல்லாம் அப்படியே உலாவிக்குப் போகும். தலைப்பு வரிகளை பிஎச்பியே பார்த்துக்கொள்ளும்: பக்கத்தின் முதல் பைட் வெளியே போக வேண்டிய கணத்தில், தலைப்புகளையும் வெற்று வரியையும் தானே முந்தி அனுப்பிவிடும்.

கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஒரு தலைமுறையே இப்படித்தான் கற்றது. விலையும் இருந்தது: வெற்று வரி எப்போது போனது என்று எழுதியவருக்கே தெரியாமல் போயிற்று. குறிக்கு வெளியே ஓர் இடைவெளி, ஒரு காலி வரி, உள்ளே இழுக்கப்பட்ட வேறொரு கோப்பின் கடைசியில் தப்பிய ஒரு கூடுதல் என்டர் என எதுவானாலும் அது பக்கத்தின் முதல் எழுத்து. அது போனதும் உறை ஒட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பின் குக்கீ கொடுக்கச் சொன்னால், தலைப்பு வரிகள் ஏற்கெனவே போய்விட்டன என்று பிஎச்பி முறையிடும். பிஎச்பி எழுதிய எவரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் வாசகம் இது.

அந்த வாசகத்தில் இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். குக்கீ கொடுக்க முயன்ற வரி ஒன்று. வெளியீடு தொடங்கிய கோப்பும் வரியும் இன்னொன்று. நாம் ஓடிப்போய்ப் பார்ப்பது முதலாவதை. பழுது இருப்பது இரண்டாவதில். கோப்பின் கடைசியில் பிஎச்பியின் மூடும் குறியைப் போடாமலே விட்டுவிடுவது என்ற வழக்கம் புரோகிராமர்களிடம் பரவியதும் இதனால்தான். மூடும் குறியே இல்லையென்றால் அதற்குப் பின்னால் எதுவும் தப்ப முடியாது.

*

குக்கீ பதியாமல் போகும் மற்ற விதங்களையும் பார்த்தால், ஒவ்வொன்றிலும் அதன் பிறப்பின் மச்சம் ஒன்று தெரியும்.

புதிதாக எழுதுகிறவர் குக்கீயைக் கொடுத்த கையோடு, அதே பக்கத்தில் அதைப் படித்துப் பார்ப்பார். காலியாக இருக்கும். பதியவில்லை என்று முடிவு கட்டுவார். டோக்கனை இப்போதுதானே நீட்டியிருக்கிறோம். ஆள் போய்த் திரும்பி வந்து காட்டும்போதுதான் அது நம் கைக்கு வரும். அடுத்த கேள்வியில்தான் குக்கீ தெரியும். பிஎச்பியில் குக்கீ கொடுக்கும் கட்டளை 'சரி' என்று பதில் சொன்னாலும், தலைப்பில் எழுதியாயிற்று என்று மட்டுமே அதற்குப் பொருள். உலாவி ஏற்றுக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது.

பாதையைச் சொல்லாமல் விட்டால், குக்கீ கொடுத்த பக்கம் எந்த அடைவில் இருந்ததோ அந்த அடைவுக்கே அது சொந்தம். நிர்வாகப் பகுதிக்குள் கொடுத்த குக்கீ முகப்புப் பக்கத்துக்கு வராது. தளத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டால், டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ முன்னொட்டோடு நுழைந்தவர் அது இல்லாமல் திரும்பி வரும்போது வெளியாள். சரி, பெயரைச் சொல்லிவிடுவோம் என்று சொந்தக் கணினியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் உலாவிகள் ஏற்கவில்லை. டாட் காம் என்ற முழுக் குடும்பத்துக்கும் ஒருவர் குக்கீ போட்டுவிடக் கூடாது என்று, தளத்தின் பெயரில் புள்ளிகளை எண்ணிப் பார்க்கும் விதி நெட்ஸ்கேப்பின் குறிப்பிலேயே இருந்தது. 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதில் புள்ளியே கிடையாது. அங்கே தளத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் வழி.

அழிப்பதிலும் இதே கதை. 'குக்கீயை அழி' என்று தனிக் கட்டளை எதுவும் அதோடு பிறக்கவில்லை. அதே பெயரில், முடிந்துபோன தேதியோடு இன்னொரு குக்கீ கொடுக்க வேண்டும். அதன் பாதையும் தளமும் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் வெளியேறும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஆள் உள்ளேயே இருப்பார்.

2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்தபோது புது விதமான புகார் கிளம்பியது. 'சேம்சைட்' என்ற குறிப்பு இல்லாத குக்கீயை, வேறு தளத்திலிருந்து வரும் கேள்விகள் பலவற்றோடு அனுப்ப மாட்டேன் என்று உலாவி சொல்லத் தொடங்கியது. எங்கும் அனுப்பலாம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்; அப்படி எழுதினால் பூட்டுப்போட்ட எச்டிடிபிஎஸ் வழியில் மட்டுமே அது போகும். இதன் அடி விழுந்த இடங்களில் ஒன்று பணம் கட்டும் பக்கம். கடையிலிருந்து வங்கிப் பக்கத்துக்குப் போய், ஓடிபி போட்டுவிட்டுத் திரும்பும்போது, வங்கி பல இடங்களில் படிவமாக அனுப்பித்தான் ஆளைத் திருப்பிவிடும். அந்தக் கேள்வி கடையின் குக்கீ இல்லாமல் வந்து சேரும். பணம் போயிருக்கும், கடைக்கு ஆளைத் தெரியாது. இரண்டு நிமிடத்துக்குள் கொடுத்த குக்கீக்குக் குரோம் விலக்குத் தந்தது. ஓடிபி வரத் தாமதமானால் அந்த விலக்கும் உதவாது. கூடையை மறக்கக் கூடாது என்று பிறந்ததற்கு, இருபத்தைந்து வயதில் கூடையை மறக்க வைக்கும் காவல் வந்தது.

இத்தனைக்கும் சோதனை ஒன்றுதான். எஃப்12 விசையைத் தட்டி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து இரண்டு கேள்வி கேளுங்கள். சர்வரின் பதிலில் செட்-குக்கீ போயிற்றா? அடுத்த கேள்வியில் குக்கீ திரும்பி வந்ததா? போகவே இல்லையென்றால் பழுது வெற்று வரிக்கு அந்தப் பக்கம், உங்கள் நிரலில். போய், திரும்பி வராவிட்டால் பாதை, தளம், தேதி, பாதுகாப்பு விதி என்று குக்கீயின் மேல் எழுதிய குறிப்புகளில். இந்த இரண்டையும் பிரிக்காமல் தேடினால் ராத்திரி போய்விடும்.

*

எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. முதல் கேள்விக்கே பதில் கிடைத்துவிட்டது: செட்-குக்கீ போகவே இல்லை. சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறந்தால், வெளியீடு முதல் வரியில் தொடங்கியதாக எழுதியிருந்தது. முதல் வரியில் பிஎச்பி தொடங்கும் குறியைத் தவிர எதுவுமில்லை. அதற்கு முன்னால் கர்சரை வைக்க இடமே இல்லை.

கடைசியில் கோப்பின் அளவைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'வெல்கம்' ஏழு எழுத்து; ஏழு பைட். 'வணக்கம்' என்பதை யூனிகோடு புள்ளிகளையும் தனியே எண்ணி ஏழு குறிகளாக வைக்கிறது: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21. கோப்பு 14 பைட் பெருத்திருக்க வேண்டும். 17 பெருத்திருந்தது.

அந்த மூன்று பைட்டும் கோப்பின் தலைமாட்டில் இருந்தன: 239, 187, 191. பிஓஎம் என்று அதற்குப் பெயர். புரோகிராமர் வாயில் 'பாம்'. பைட்டுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று காட்ட வேறு யூனிகோடு வடிவங்களுக்கு ஏற்பட்ட அடையாளம். யூடிஎஃப்-8-இல் வரிசைக் குழப்பமே கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் கோப்பு யூடிஎஃப்-8 என்று தனக்கு நினைவூட்ட, அன்றைய நோட்பேட் அதைக் கேட்காமலே முதலில் ஒட்டிவிடும். திரையில் தெரியாது, அதற்கு அகலமே இல்லை. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் நோட்பேட் அந்தப் பழக்கத்தை விட்டது.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர்களின் கோப்பில் இந்த மூன்று பைட் நுழைய அவ்வளவாக வழியில்லை. அன்றைய நோட்பேடில் தமிழ் எழுதினால் யூடிஎஃப்-8 என்று சேமித்தாக வேண்டும். சேமித்தால் பாம் வரும். பாம் வந்தால் அதுவே பக்கத்தின் முதல் வெளியீடு. அதற்கு முன்னால் தலைப்புகளும் வெற்று வரியும் போய்விடும். குக்கீ தெருவில் நிற்கும். என் வீட்டுக் கணினியில் ஓடியதற்கும் காரணம் இருந்தது. அங்கே வெளியீட்டை உடனே அனுப்பாமல் 4096 பைட் சேரும்வரை பிடித்து வைக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தது. கடிதத்தை எழுதி முடித்தும் மேசையிலேயே வைத்திருந்ததால், உறைமேல் இன்னொரு வரி சேர்க்க நேரம் கிடைத்தது. வாடகை சர்வரில் அந்த அமைப்பு இல்லை.

நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 என்று மாற்றிச் சேமித்தேன். கோப்பு மூன்று பைட் இளைத்தது. சந்தாதாரர்கள் உள்ளே போனார்கள்.

மறுநாள் ஆசிரியர் அழைத்தார். "என்ன தம்பி, எங்க இருந்துச்சு பிரச்சினை?"

"முதல் வரிக்கு முன்னாடி ஒண்ணு உக்காந்திருந்துச்சு சார்."

"என்ன அது?"

"கண்ணுக்குத் தெரியாது சார். அகலமே கிடையாது. நீங்க வணக்கம்னு போடச் சொன்னீங்கல்ல, அதோட கூட வந்தது."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "போடுறதுக்கு முன்னாடி நம்ம மெய்ப்புத் திருத்துறவர்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாம் தம்பி."